தேக்கிய நீரும் திறந்துவிட்ட மக்களும்

காசல்ரீ ஏரியின் அழகைப் பாடாத உல்லாசப் பயண ஏடு இல்லை. ஹட்டனிலிருந்து நோர்வுட் நோக்கிச் செல்லும் மலைப்பாதையில் ஒரு வளைவு திரும்பியதும், கீழே நீலப்பட்டு விரித்தாற்போல நீர்ப்பரப்பு. சுற்றிலும் தேயிலைச் சரிவுகள். அப்பால், மேகத்தைக் கிழித்துக்கொண்டு நிற்கும் சிவனொளிபாதமலை. விடியலில் பனி விலகும் வேளையில் துடுப்புப் படகேறிப் போனால் அது சொர்க்கம் என்கிறார்கள். மாலையில் கரையோரப் புல்தரையில் சாய்வு நாற்காலி போட்டுத் தேநீர் அருந்தினால் அதுவும் சொர்க்கம் என்கிறார்கள். கொழும்பிலிருந்து நான்கைந்து மணி நேரம் மோட்டாரில் குலுங்கி வர மனமில்லாத சீமான்களுக்காக, நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும்பும் விமானத்துக்கும் இந்த ஏரி இறங்குதளம் ஆக்கப்பட்டது.

சொர்க்கம் இருக்கட்டும், தோழர்களே! அந்தச் சொர்க்கத்தைப் படம் பிடிப்பவன் தன் கருவியைச் சற்றே பக்கவாட்டில் திருப்பினால் என்ன தெரியும்? தகரக்கூரை லயங்கள் தெரியும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் தெரியும். கூரை பறந்துவிடாமல் இருக்க மேலே அடுக்கப்பட்ட கற்கள் தெரியும். ஆகவே அவன் திருப்புவதில்லை. கூடை சுமந்து கொழுந்து கிள்ளும் பெண் மட்டும் படத்தில் இருப்பாள்; வண்ணச் சேலையும் வாய் நிறைந்த சிரிப்புமாக இருப்பாள். அவள் வீடு படத்தில் இராது.

இதைச் சொன்னால், "உங்களுக்கு அழகைக் கண்டால் ஆகாது, பிறர் மகிழ்ந்தால் பொறுக்காது" என்று ஏளனம் பேசுகிறார்கள். அழகைக் கண்டு வெறுக்க நாம் என்ன முற்றும் துறந்த முனிவர்களா? மாசி மாதத்துப் பனியில் இரவெல்லாம் கண்விழித்துக் காமன் கூத்து ஆடிய மக்கள் நாம். அருச்சுனன் தபசுக்கும் பொன்னர் சங்கருக்கும் லயத்து முற்றத்தையே அரங்காக்கிக்கொண்ட மக்கள் நாம். உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும், ஓய்வில் மகிழ்ச்சி வேண்டும் என்பது உலகெங்கும் தொழிலாளர் இயக்கம் இரத்தம் சிந்திப் பெற்ற கோரிக்கை. எட்டு மணி நேர வேலைக்காக நடந்த மேதினப் போராட்டத்தின் மறுபாதி அதுவே. எனவே, ஏரியில் படகு போகலாமா கூடாதா என்பதன்று நம் வாதம். அந்த ஏரி யாருடையது? அதன் கரை யாருக்கு? அதை உண்டாக்க யார் எதை இழந்தார்கள்? இழந்தவன் ஏன் இன்றும் வேலிக்கு அப்பால் நிற்கிறான்? இதுதான் கேள்வி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். காசல்ரீ இயற்கை தந்த ஏரியன்று. பெயரே அதைக் காட்டிக்கொடுக்கிறது. அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் நகரத்தை ஒட்டிய ஓர் இடத்தின் பெயர் அது. துரைமார் தம் ஊர் நினைவில் தோட்டங்களுக்கு வைத்த பெயர்கள் இப்படித்தான்: ஸ்கொட்லாந்தின் டன்கெல்ட் இங்கே உண்டு, சீனத்துத் தியன்சின் கூட இங்கே உண்டு. காட்டை வெட்டித் தேயிலை நட்டவனுடைய ஊர்ப்பெயர், நாமக்கல்லோ துறையூரோ, மருந்துக்கும் கிடையாது! இது போகட்டும். கெஹெல்கமு ஓயா என்னும் ஆற்றை மறித்து அணை கட்டி, 1965-இல் தேக்கிய நீரே இந்த ஏரி. அதன் அடியில் கிடப்பது தேயிலை மலை. தலைமுறை தலைமுறையாகக் கவ்வாத்து வெட்டி, முள்ளுக் குத்தி, உரம் போட்டு வளர்த்த மலை.

நீர்மின்சாரம் வேண்டும் என்ற எண்ணம் நல்ல எண்ணம். விமலசுரேந்திர என்ற பொறியியலாளர், இந்த மலைகளின் நீர்வீழ்ச்சிகளைக் கண்டு 1918-லேயே அதைக் கணக்கிட்டுச் சொன்னார். வெள்ளை அதிகாரம் அலட்சியம் செய்தது. அவர் கனவு கைகூடக் கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1950-இல் லக்ஷபானாவில் மின்சாரம் பிறந்தது. காசல்ரீ நீரால் இயங்கும் 50 மெகாவாட் நிலையத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள், தக்க மரியாதை. காசல்ரீயிலும் அடுத்த பள்ளத்தாக்கின் மவுஸாக்கலையிலும் தேங்கும் நீர், அடுத்தடுத்து ஐந்து மின்நிலையங்களைச் சுழற்றிவிட்டுக் களனி கங்கையாகக் கித்துல்கலையில் இறங்குகிறது. அங்கேயும் உல்லாசம் காத்திருக்கிறது: இறப்பர்த் தெப்பங்களில் ஏறி வெள்ளத்தோடு பாய்கிறார்கள். ஒரே நீர், மேலே படகுக்கு, கீழே தெப்பத்துக்கு, இடையில் கொழும்பின் விளக்குக்கு. அந்த விளக்கு கொழும்பில் எரிந்து வெகுகாலம் கழித்தே, அணைக்கட்டின் நிழலில் இருந்த லயங்களுக்கு மின்கம்பி வந்தது. அதுவரை அங்கே எரிந்தது மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு.

மவுஸாக்கலையின் கதையைச் சற்று நின்று கேட்க வேண்டும். அங்கே மூழ்கியது தேயிலை மட்டுமன்று, ஓர் ஊர். பழைய மஸ்கெலியா நகரம்! கடைத்தெரு இருந்தது; கோயில் இருந்தது; பௌத்த விகாரையும் பள்ளிவாசலும் இருந்தன. சம்பள நாளில் சாக்கும் கையுமாகத் தோட்டத்து மக்கள் இறங்கி வந்து, அரிசியும் கருவாடும் வாங்கிக்கொண்டு, உறவுக்காரரைக் கண்டு நலம் விசாரித்துத் திரும்பிய தெரு அது. 1969-இல் அணை எழுந்தது, நீர் ஏறிற்று, ஊர் மேட்டுக்குப் போயிற்று. இன்றும் கடும் வறட்சி வந்து நீர்மட்டம் தாழும்போது, சேற்றைப் பிளந்துகொண்டு கோயிலின் இடிபாடு தலைகாட்டும். அன்று ஊரே திரண்டுபோய்ப் பார்க்கும். பத்திரிகைகள் படம் போடும். இளைஞர் நின்று கைப்பேசியில் தம்மைத் தாமே படம் எடுத்துக்கொள்வர். பெரியவர்கள் மட்டும் சற்றுத் தள்ளி நின்று, "இதோ இங்கேதான் கடை" என்று கை காட்டுவார்கள். மலையகத்து ஏழைக்கு ஏரிக்கரையில் கிடைக்கும் தடையற்ற உல்லாசம் இது ஒன்றுதான்: மூழ்கிப்போன தன் ஊரை, நீர் வற்றிய நாளில், போய்ப் பார்த்துவிட்டு வருவது!

அந்த ஊர் மூழ்குவதற்கு முன்பே அங்கே வேறொன்று மூழ்கடிக்கப்பட்டது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற 7 தொகுதிகளில் மஸ்கெலியாவும் ஒன்று. தோட்டத் தொழிலாளி தன் கைவிரலால் தன் பிரதிநிதியைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினான். ஆண்டவர்களுக்கு அது உறுத்திற்று. 1948-இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949-இல் வாக்குரிமை போயிற்று. நேற்றுவரை வாக்காளன், இன்று நாடற்றவன். ஆகவே அணைக்குத் திட்டம் போட்டபோது, எந்த நிலம் மூழ்கலாம், எவர் எங்கே போகலாம் என்று முடிவு செய்த மன்றத்தில், அந்த மலையில் உழைத்தவனுக்காகப் பேச அவனே அனுப்பிய குரல் இல்லை. முதலில் வாக்கு மூழ்கிற்று. பிறகு ஊர் மூழ்கிற்று. இந்த வரிசை தற்செயல் என்று எவரும் நமக்குச் சொல்ல வேண்டாம்.

காசல்ரீ அணை முடிவதற்கு முந்திய ஆண்டு, 1964 ஒக்டோபரில், சிறிமாவும் சாஸ்திரியும் கையொப்பமிட்டார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இங்கே. மீதி ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று தள்ளிவைத்து, 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். ஆட்டுமந்தையைப் பிரிப்பதற்குக்கூட இடையன் ஒரு நாள் யோசிப்பான்! அந்தப் பெருமக்களுள் எவரேனும் ஒரு லயத்துக்கு வந்து, "உனக்கு எங்கே இருக்க விருப்பம்?" என்று கேட்டாரா? ஹட்டன் புகையிரத நிலையத்தில் தகரப்பெட்டியும் பாய்ச்சுருளுமாய் நின்றவர்களை வழியனுப்பியோர் அழுத அழுகையை, இந்த மலைநாட்டின் முதிய தலைமுறை இன்னும் மறக்கவில்லை. அண்ணன் ஒரு பட்டியலில், தம்பி ஒரு பட்டியலில். தலைமன்னாரில் கப்பல், இக்கரையில் பாதிக் குடும்பம், அக்கரையில் பாதிக் குடும்பம்.

ஒரே காலத்தில் இரண்டு வேலைகள் நடந்தன. மலையில் நீரைத் தேக்கினார்கள். மலையின் மக்களைத் திறந்துவிட்டார்கள். நீருக்குக் கணக்கு வைத்தார்கள். எத்தனை அடி, எத்தனை மெகாவாட் என்று ஒரு துளி சிந்தாமல் காத்தார்கள். மக்களையோ, மதகு திறந்து கடலில் விட்டார்கள். எஞ்சியவர்களுள் கடைசி ஆள் வரை பிரஜாவுரிமை தரும் சட்டம் வர 2003 ஆயிற்று. அதாவது 55 ஆண்டுகள்.

இந்த வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு இப்போது ஏரிக்கரைக்கு வாருங்கள்.

கரையைச் சுற்றி மேடுகளில் துரை பங்களாக்கள் இருக்கின்றன. வெள்ளைத் துரைமார் கட்டியவை. அந்தக் காலத்தில் பங்களாப் பாதையில் குடை பிடித்து நடந்தால் குற்றம், செருப்பணிந்து நடந்தால் குற்றம் என்று நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2005 முதல் இவற்றுள் சில விருந்தினர் மாளிகைகளாக உருமாறின. கணப்பு அடுப்பு, குளிப்பதற்குத் தடாகம், மேசைக்கு மேசை பணியாள், ஏரியில் படகு, தேயிலைச் சரிவில் உலாவல். ஓர் இரவுக்கு நூற்றுக்கணக்கான டொலர். "துரைமார் வாழ்ந்த வாழ்வை நீங்களும் வாழ்ந்து பாருங்கள்" என்பதே விற்பனைச் சரக்கு. துரைமார் வாழ்வை விற்கலாம், வாங்க ஆளிருக்கிறது. அந்த வாழ்வு நடைபெற அடியில் கிடந்தானே ஒருவன், அவன் வாழ்வை விற்க முடியாது. ஆகவே அதை மாற்றவும் இல்லை, மறைக்க மட்டும் செய்கிறார்கள்.

கணக்குப் போடுவோம். 1,000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டு நம் மக்கள் எத்தனை ஆண்டுகள் கத்தினார்கள்! 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர் கறுப்பு உடை அணிந்து காலிமுகத்திடலில் திரண்டார்கள். 2021-இல்தான் அந்த ஆயிரம் வர்த்தமானியில் ஏறியது. ஏறுவதற்குள் ரூபாயின் பெறுமதி இறங்கிற்று. 2024-இல் 1,350 என்றார்கள். 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில், சம்பளம் 1,550, அரசு தரும் வருகை ஊக்கத்தொகை 200, ஆக 1,750 என அறிவித்தார்கள். அதுவும் முழுப்பேர் விழுந்தால்! குறித்த கிலோ குறைந்தால் அரைப்பேர் என்ற பழைய கத்தி தலைமேல் தொங்கிக்கொண்டே இருக்கிறது. டொலர் 300 ரூபாய் என்று கொண்டால் 1,750 ரூபாய் ஆறு டொலருக்கும் குறைவு. பங்களா விருந்தினர் ஓர் இரவுக்கு 500 டொலர் தருகிறார் என்று வைத்துக்கொண்டால், அந்த ஓர் இரவு ஒரு பெண் 85 நாட்கள் கொழுந்து கிள்ளுவதற்குச் சமம். அட்டைக் கடியிலும் அடைமழையிலும் 85 நாட்கள்!

சம்பளத்தை விடவும் பெரிய விஷயம் காணி. இங்கேதான் பொய் அம்மணமாகிறது. தோட்டத் தொழிலாளிக்கு 7 பேர்ச்சஸ் காணி தருவோம், தனிவீடு தருவோம் என்பது பல ஆட்சிகள் சொன்ன வாக்கு. 7 பேர்ச்சஸ் என்பது எவ்வளவு? ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ். ஆக, ஓர் ஏக்கரில் 22 குடும்பங்கள் குடியேறலாம். கேட்டால் என்ன சொல்கிறார்கள்? "தேயிலை நிலத்தைத் துண்டாட முடியாது, கம்பெனி சம்மதிக்க வேண்டும், மண்சரிவு ஆய்வு வர வேண்டும், குத்தகை ஒப்பந்தம் இடம் தராது." மண்சரிவு ஆய்வு வேண்டியதுதான், மலையைத் தெரிந்தவன் அதை மறுக்க மாட்டான். மற்றவை? இந்த நிலம் யாருடைய நிலம்? 1970-களின் நிலச் சீர்திருத்தத்தில் அரசுடைமையான நிலம். 1992 முதல் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டு, பின் நீண்டகாலக் குத்தகையானது. நிலம் அரசினுடையது, கம்பெனி குத்தகைக்காரன். துரை பங்களாவை உல்லாச மாளிகையாக்கும்போது அந்தக் குத்தகை வளைந்து கொடுக்கிறது. புல்தரைக்கு ஏக்கர் கிடைக்கிறது, பூந்தோட்டத்துக்கு ஏக்கர் கிடைக்கிறது. 200 ஆண்டுகள் அந்த மண்ணில் உழைத்துச் செத்துத் தேயிலைச் செடிக்கே உரமானவனின் பேரப்பிள்ளை ஏழு பேர்ச்சஸ் கேட்டால் மட்டும் சட்டப்புத்தகம் விறைத்துக்கொள்கிறது!

"உல்லாசப் பயணத்தால் உங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கிறதே, நாட்டுக்கு டொலர் வருகிறதே" என்று மடக்கப் பார்க்கிறார்கள். வேலை கிடைக்கிறது, மறுக்கவில்லை. தட்டு ஏந்தும் வேலை, தோட்டம் கூட்டும் வேலை, பெட்டி தூக்கும் வேலை. அந்த வேலை செய்யும் தம்பியை நாம் இழிவாக எண்ணவில்லை. கொழுந்து மலையைவிடச் சற்று நல்ல சம்பளம் என்றால் அவன் போவது நியாயமே. ஆனால் படகு யாருடையது? பங்களா யாருடையது? ஏரியைச் சுற்றிக் காட்டும் உரிமத்தை ஏன் நோர்வுட்டிலும் மஸ்கெலியாவிலும் உள்ள இளைஞர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று பெறக் கூடாது? லயத்து மக்கள் தனிவீடு கட்டி, ஓர் அறையைப் பயணிக்கு வாடகைக்கு விட்டு, ரொட்டியும் சம்பலும் தந்து நாலு காசு ஏன் பார்க்கக் கூடாது? பார்க்க முடியாது, ஏனெனில் வீட்டுக்கு உறுதி இல்லை, காணிக்கு உறுதி இல்லை. உறுதி இல்லாதவனுக்கு வங்கி கடன் தராது. அவன் என்றைக்கும் பிறருடைய சொர்க்கத்தில் வாயிற்காப்போன்.

டொலரைப் பற்றி நமக்குப் பாடம் நடத்துவது வேடிக்கை. ஆண்டுதோறும் தேயிலை ஏற்றுமதியில் இந்த நாட்டுக்கு வருவது 100 கோடி டொலருக்கும் மேல். 2022-இல் நாடு கடன் கட்ட வழியின்றிக் கைவிரித்து நின்றபோதும் கூடை சுமந்தவள் நிறுத்தவில்லை. டொலர் கொண்டு வருபவர்க்கே புல்தரை என்றால், அவளுக்கல்லவா முதல் நாற்காலி போட வேண்டும்?

நம் பக்கத்துக் குறையையும் மறைக்க வேண்டாம். தொழிற்சங்கத் தலைவர்கள் என்று பெயர் தாங்கியோர் எத்தனை அமைச்சரவைகளில் அமர்ந்தார்கள்! அடிக்கல் நாட்டினார்கள், நாடா வெட்டினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். சந்தாப் பணம் மாதந்தோறும் சம்பளத்தில் பிடிபட்டுக்கொண்டே இருந்தது. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் இதே நோர்வுட்டுக்கு வந்து, மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். மைதானம் கொள்ளாக் கூட்டம். கைதட்டல் மலை எதிரொலித்தது. அறிவிப்புக்கும் அடித்தளத்துக்கும் நடுவே எத்தனை ஆண்டுகள் ஓடின என்பதை அன்று கைதட்டியவரே சொல்வர். 2023-இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை கால்நடையாக நடந்தார்கள். முன்னோர் செத்து விழுந்த அந்த வழியை மீண்டும் மிதித்தார்கள். அந்த நடை வீணன்று. ஆனால் நடந்து வந்து சேர்ந்தபின் நிற்பதற்கு ஏழு பேர்ச்சஸ் வேண்டுமே! அதே ஆண்டு ஹட்டனில் பிரகடனம் வெளியிட்டு, மலையகத் தமிழரின் காணியுரிமை பற்றி உறுதி கூறியவர்கள் 2024-இல் ஆட்சிக்கு வந்தார்கள். கையொப்பம் அவர்களுடையது. காசோலை மாற்றப்படும் நாளை நாம் கேட்போம். வெட்கப்பட வேண்டியவர் கேட்பவரல்லர்.

ஏரிக்கரையைப் பற்றி இன்னும் ஒரு சொல். கோடையில் நம் சிறுவர்கள் அந்த நீரில் இறங்குகிறார்கள். அவர்களுக்கு வேறு தடாகம் ஏது? நீந்தக் கற்றுக்கொடுப்பார் இல்லை; ஆழம் சொல்வார் இல்லை; ஏரியின் அடியில் சேறும் பழைய மரத்தின் வேரும் கிடக்கின்றன. மூழ்கிச் சாகிறார்கள். மறுநாள் பத்திரிகையில் நான்கு வரி வரும். விருந்தினர் படகில் ஏறும்போது மிதவைச் சட்டை மாட்டுகிறார்கள், கூடவே வழிகாட்டி போகிறான். ஒரே நீர் ஒருவருக்கு உல்லாசம், மற்றவருக்கு எமன். தோட்டப் பாடசாலைகளுக்கு நீச்சல் பயிற்சியும், பொதுமக்களுக்குக் கம்பி கட்டிய குளிக்கும் துறையும், ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர் குடும்பங்களுக்குச் சலுகைக் கட்டணப் படகும் கேட்பது பெரிய புரட்சியா? பிரதேச சபை நினைத்தால் ஒரு வரவு செலவுத் திட்டத்தில் முடியும் காரியம்.

ஹட்டன், நோர்வுட், மஸ்கெலியா, பொகவந்தலாவை, சாமிமலைக் கிளைத் தோழர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. அதற்குப் பொதுக்கூட்டம் வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். காசல்ரீ, மவுஸாக்கலைக் கரைகளில் உள்ள ஒவ்வொரு தோட்டத்துக்கும் போய் ஒரு பதிவேடு எழுதுங்கள். இத்தோட்டத்தில் லயம் எத்தனை, காம்பரா எத்தனை, ஒரு காம்பராவில் தலை எத்தனை. காணி உறுதி கையில் உள்ள குடும்பம் எத்தனை, வெறும் வாக்கு மட்டும் உள்ள குடும்பம் எத்தனை. உல்லாச விடுதியாக மாறிய பங்களா எத்தனை, அதைச் சுற்றி வேலியிட்ட நிலம் எத்தனை ஏக்கர். கரைக்கு இறங்கும் பழைய பாதைகளில் எவை அடைபட்டுள்ளன. வீட்டுக்கு வீடு கேட்டு, பெயர் சொல்ல அஞ்சுபவர் பெயரை விட்டுவிட்டு, எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள். ஏக்கருக்கு 22 என்ற கணக்கைப் பக்கத்திலேயே போட்டுக் காட்டுங்கள். அந்தப் பதிவேடுகள் மாத முடிவுக்குள் மாவட்டக் காரியாலயத்துக்கு வந்து சேரட்டும். பாராளுமன்றத்தில் கேட்கவேண்டிய கேள்வியை அவற்றைப் பார்த்துத்தான் எழுத இருக்கிறோம்.